பிரம்பும் பெஞ்சும்: தோட்டத்து வகுப்பறை கடந்து வந்த பாதை

பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் பள்ளியின் வரலாறு ஒரு பக்கமாவது இருக்கும். பள்ளி எந்த ஆண்டில் தொடங்கியது, எந்தத் தலைமையாசிரியர் எத்தனை ஆண்டு பணியாற்றினார், இணைக்கட்டடம் எப்போது எழும்பியது, நிலம் தந்த புண்ணியவான் யார் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை பயந்துகொண்டு உட்கார்ந்திருந்ததா, பசியோடு உட்கார்ந்திருந்ததா, வாத்தியார் முகத்தை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்க அதற்குத் துணிவு இருந்ததா என்பதை யாரும் எழுதுவதில்லை. இந்நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பாதியிலேயே நின்றுபோன பிள்ளைகளின் கணக்கு பெரியது. அந்தக் கணக்கில் பாதிக்குக் காரணம் வறுமை என்றால், மீதியில் ஒரு பெரும்பங்குக்குக் காரணம் வகுப்பறைதான் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடங்களோடு பழகிய என் எண்ணம். ஆகவே இம்முறை வகுப்பறைக்கு உள்ளே கொஞ்சம் போய்ப் பார்ப்போம்.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது அவர்கள் மனத்தில் இருந்த பள்ளிக்கூடம் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் அத்தகைய பள்ளியில் படித்ததை எழுதியிருக்கிறார். மணலில் விரலால் எழுதிப் பழக வேண்டும். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். மனப்பாடம் மிகுதி. தண்டனையும் மிகுதி. தோப்புக்கரணம், ஒற்றைக்கால் நிலை, குட்டு, பிரம்படி என்று போய், உத்தரத்தில் கட்டிய கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடும் கோதண்டம் வரைக்கும் போனது அந்தக் காலத்து ஒழுங்கு. 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியை மாட்டுக்குச் சொன்னார்களோ பிள்ளைக்குச் சொன்னார்களோ, இரண்டுக்கும் ஒன்றாகவே நடத்தினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லம் ஒன்று இருந்தது. அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். அவர் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தின் பக்கமாகப் போனபோது, பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். இது நன்றாயிருக்கிறதே என்று தம் இல்லத்துக்கு வந்து அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் முகம் சுளித்தார். பெல் அசரவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து, நீ சொல்லிக் கொடு என்று உட்கார வைத்துவிட்டார். அவன் நன்றாகவே சொல்லிக் கொடுத்தான். இப்படியாகப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை வளர்ந்தது. 1797இல் பெல் அதை இலண்டனில் ஒரு நூலாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் அது பரவியது.

அதிலே நமக்கு முக்கியமானது இது. பெல் அடிப்பதை விரும்பவில்லை. குற்றம் செய்தவன் பெயரைக் கறுப்புப் புத்தகம் ஒன்றில் எழுதி வைத்து, வாரம் ஒருமுறை பையன்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். நம் திண்ணையிலிருந்து மணலையும் சட்டாம்பிள்ளையையும் எடுத்துக்கொண்ட அந்த வெள்ளைக்காரர், கோதண்டத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார். நாமோ கடல் கடந்து வரும்போது பிரம்பை மறக்காமல் எடுத்து வந்தோம்!

நிற்க. மலாயா மண்ணில் தமிழ்க் கல்வியின் தொடக்கம் 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பு என்று கொள்கிறோம். 2016இல் அதன் இருநூறாம் ஆண்டையும் கொண்டாடினோம். ஆனால் பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளின் வகுப்பறை பினாங்கில் இல்லை, கித்தாக் காட்டில் இருந்தது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும், பின்னர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று சொல்லின. பள்ளி வயது என்றால் ஏழிலிருந்து பதினான்கு வரை. சட்டம் 'பள்ளிக்கூடம்' என்றதே ஒழிய, அது எப்படி இருக்க வேண்டும் என்பதைத் துரைமார்களின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. மனச்சாட்சி தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டது.

சில தோட்டங்களில் நல்ல பலகைக் கட்டடம், சுற்றிலும் பூச்செடி, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருந்தன. பல தோட்டங்களில் லயத்தின் ஓர் அறையோ, கோயில் பக்கத்துக் கொட்டகையோ, ஆயாக் கொட்டகையை ஒட்டிய தடுப்போதான் பள்ளிக்கூடம். சுவர் இடுப்பளவு. மழை வந்தால் சாரல், காற்று வந்தால் ரப்பர் பால் வேகும் நாற்றம். தகரக் கூரையில் மழை பெய்யும்போது வாத்தியார் வாயசைப்பது தெரியும், பாடம் கேட்காது. வாத்தியார் என்பவரும் சில இடங்களில் கிராணி, சில இடங்களில் கங்காணி, இன்னும் சில இடங்களில் நாலெழுத்து வாசிக்கத் தெரிந்த யாரோ ஒருவர். ஒரே ஆள், ஒரே அறை, ஆறு வகுப்பு. முதல் வகுப்பு 'அணில், ஆடு' என்று கத்தும்போது, நாலாம் வகுப்பு வாய்ப்பாடு கத்தும். அந்தக் கத்தலை நிறுத்த வாத்தியார் மேசையில் பிரம்பால் ஓங்கி ஓர் அடி அடிப்பார். மேசை தாங்கும். பிள்ளையின் நெஞ்சு?

பொழுது விடியும் முன்னே நாலரை ஐந்து மணிக்குப் பிரட்டு. அப்பாவும் அம்மாவும் பிரட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். அதற்கு மேல் வயதுள்ள தம்பி தங்கைகளை மூத்த பெண்பிள்ளைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பையனாக இருந்தால் ஒட்டுப்பால் பொறுக்கவும், மங்கு துடைக்கவும் நிரைக்குப் போவான். பத்துப் பன்னிரண்டு வயதிலேயே வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்ட பிள்ளைகளும் உண்டு. அதனால் பல தோட்டங்களில் காலையில் வேலை, பிற்பகலில் பள்ளி என்ற வழக்கம் இருந்தது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த பிள்ளை பெஞ்சில் தூங்கி விழுந்தால், அதற்கும் ஒரு அடி. தூங்குகிற பிள்ளையைச் சோம்பேறி என்று எண்ணினார்களே தவிர, களைத்த தொழிலாளி என்று எண்ணிய வாத்தியார் அருமை.

இன்னொன்றையும் நாம் மறந்துவிடக் கூடாது. அந்த வாத்தியாருக்கே பாதுகாப்பு இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம், வீடு கொடுப்பது தோட்டம். துரைக்கோ பெரிய கிராணிக்கோ பிடிக்காவிட்டால், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். தகப்பன் துரையோடு முறைத்துக்கொண்டால் குடும்பமே தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். பிள்ளையின் படிப்பு அன்றோடு சரி. பயந்த தகப்பன், பயந்த வாத்தியார், இவர்களுக்கு நடுவே தைரியமான பிள்ளை எங்கிருந்து வரும்? வகுப்பறை அச்சம் என்பது வகுப்பறையில் பிறந்தது அன்று, தோட்டத்து மேட்டு வீட்டிலிருந்து படிப்படியாக இறங்கி வந்தது என்பதுதான் என் கருத்து. கடைசிப் படியில் நின்ற பிள்ளைக்கு, தனக்குக் கீழே அதைத் தள்ளிவிட யாரும் இல்லை.

போர்க்காலம் வந்தது. சப்பானியர் ஆட்சியில் பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன, அல்லது பெயருக்குத் திறந்திருந்தன. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த பிள்ளைகள், 1945க்குப் பிறகு மறுபடியும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, தகப்பன் இல்லாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தனர். அவர்களுக்கு என்ன ஆறுதல் கிடைத்தது என்று எந்த ஏட்டிலும் தேடினாலும் கிடைக்காது. 'மன நலம்' என்ற சொல்லே பள்ளிக்கூடத்துக்கு அப்போது வந்திருக்கவில்லை.

1951இல் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளின் இடத்தில் தேசியப் பள்ளிகள் வர வேண்டும் என்றது. பலத்த எதிர்ப்பு எழுந்தது. 1956இல் வந்த ரசாக் அறிக்கையும், அதன் வழி வந்த 1957ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்த் தொடக்கப்பள்ளிகளுக்கு நாட்டின் கல்வி முறையில் ஓர் இடம் கொடுத்தன. அப்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1962இல் தொடக்கப்பள்ளிகளில் கட்டணமும் ஒழிந்தது. இந்தச் சட்டங்களை மொழியுரிமை என்ற கண்ணோடுதான் எப்போதும் பார்க்கிறோம். வகுப்பறைக் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரியும். வாத்தியாரின் சம்பளம் அரசாங்கத்திலிருந்து வந்தது. கிராணியைக் கண்டு எழுந்து நிற்க வேண்டிய அவசியம் அவருக்குக் குறைந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வரத் தொடங்கினர். நிலமும் கட்டடமும் பல இடங்களில் இன்னும் தோட்டத்துடையதாகவே இருந்தாலும், ஆள் தோட்டத்துடையவர் அல்லர்.

அந்தக் காலத்திலே வகுப்பறைக்கு வெளியிலிருந்து வந்த ஓர் உதவியை இங்கே சொல்ல வேண்டும். 1950களில் கோ.சாரங்கபாணி அவர்களின் 'தமிழ் முரசு' நாளிதழ் 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதியைப் பிள்ளைகளுக்காக நடத்தியது. வகுப்பில் வாய் திறக்கப் பயந்த பிள்ளை, நான்கு வரி எழுதித் தபாலில் போட்டது. பெயர் அச்சில் வந்தது. தோட்டத்து ஒயின்ஷாப்பிலும் காசுக்கடையிலும் அந்தத் தாளைக் காட்டி, 'நம்ம புள்ள பேரு வந்திருக்கு பாருங்க' என்று பெற்றவர்கள் சொன்னார்கள். அந்தப் பகுதியில் எழுதிப் பழகியவர்கள் பின்னாளில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் வந்தனர். பிள்ளை சொல்வதற்கு ஒரு காது இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்துக்கு முன்பாகப் பத்திரிகை காட்டிவிட்டது என்றால் மிகையாகாது.

இனிப் பிரம்புக்கு வருவோம். 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் பிரம்படியைத் தலைமையாசிரியரின் பொறுப்பில் வைத்தன. பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது என்பதும் விதி. விதி புத்தகத்தில் இருந்தது. பிரம்பு வகுப்பில் இருந்தது. ஒவ்வொரு வாத்தியார் மேசையிலும் சுண்ணாம்புக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்று கிடக்கும். அது ஒடிந்தால் மாணவனே போய்ப் புதிது வாங்கி வர வேண்டும், சில வேளை அது யாருக்கென்று தெரிந்தே! பெற்றோரும் இதற்கு உடந்தை. பிள்ளையைச் சேர்க்க வரும்போதே, 'கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் தோல உரிச்சிருங்க வாத்தியாரே, எங்களுக்குப் படிப்பு வந்தாப் போதும்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இதை அன்பில்லாத பேச்சு என்று நாம் நினைக்கக் கூடாது. தாங்கள் பட்ட பாட்டிலிருந்து பிள்ளை தப்ப வேண்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது. தப்புவதற்கு அடி ஒன்றே வழி என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் நாள்தோறும் தாமதமாக வருவான். காலையில் தாயாருக்கு நிரையில் உதவி செய்துவிட்டு, பால் கறை படிந்த கையோடு ஓடி வருவான். அவன் வகுப்பாசிரியர் கண்டிப்புக்குப் பேர்போனவர். தினமும் உள்ளங்கையில் இரண்டடி கொடுத்துத்தான் உட்காரச் சொல்வார். பையன் அழ மாட்டான். ஒருநாள் அடிக்குக் கையை நீட்டியவன், 'சார், நாளைக்குள்ளதையும் சேத்து இன்னிக்கே அடிச்சிருங்க' என்றான். வகுப்பு சிரித்தது. மறுவாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிறகு அவன் பெயர் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. அதே பள்ளியில் இன்னோர் ஆசிரியை இருந்தார். அவர் வகுப்பிலும் தாமதமாக வருபவர்கள் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைக் காலியாகப் போட்டு வைத்திருப்பார். வருகிறவர்கள் சத்தமில்லாமல் வந்து அதில் உட்காரலாம். மூச்சு வாங்கி முடித்ததும் கூப்பிட்டு, விட்ட கணக்கைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு எழுதச் சொல்வார். அவர் வகுப்பிலிருந்து அந்த ஆண்டு ஒரு பெயர்கூட அடிபடவில்லை. இரண்டு பேரும் ஒரே பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள்தாம்.

அடியைவிட ஆழமாக இறங்கியது வாய்ச்சொல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு', 'உங்கப்பன் மாதிரி வாளியத் தூக்கிட்டுப் போ' என்பவை சர்வசாதாரணம். தகப்பன் தொழிலையே வசவாக்கினால் பிள்ளை வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு தகப்பனைப் பார்க்கும்? இந்தப் பழக்கம் பிரம்பைவிட மெதுவாகத்தான் மறைந்தது. முழுக்க மறைந்துவிட்டதா என்பதை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

பசியின் வரலாறு வேறு. 1973இல் வெளியான முராட் அறிக்கை, பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுவதற்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டியது. அதுவரை 'படிப்பு ஏறல' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்ட விஷயத்துக்கு அரசாங்க ஏட்டிலேயே வேறு காரணம் எழுதப்பட்டது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம் வந்தது. புத்தகம் இல்லாத பிள்ளையை வெளியே நிறுத்தும் வழக்கம் அதோடு குறைந்தது. 1979இல் துணை உணவுத் திட்டமும், 1983இல் பள்ளிப் பால் திட்டமும் வந்தன. பசியாறாமல் வந்து பத்து மணிக்கு மயங்கி விழும் பிள்ளைக்குச் சபைகூடலில் ஒழுங்கைப் பற்றி என்ன உபதேசித்து என்ன பயன்? ஒரு தட்டு மீகூனும் அவித்த முட்டையும் செய்த வேலையை எந்தப் பிரம்பும் செய்ததில்லை. ஒரு குறையும் உண்டு. 'யாரு யாரு ஏழைப் பிள்ளைங்க, கையைத் தூக்குங்க' என்று வகுப்பு நடுவே கேட்டுப் பட்டியல் எடுத்த இடங்களில், பசியோடு இருந்த சில பிள்ளைகள் கையைத் தூக்கவே இல்லை. விவரம் தெரிந்த ஆசிரியர்கள் பட்டியலைத் தாங்களே அமைதியாக எழுதிக்கொண்டார்கள்.

பிறகு 1983. கே.பி.எஸ்.ஆர். என்று நாம் சொல்லும் புதிய பாடத்திட்டம் நாடு முழுவதும் முதலாம் ஆண்டில் தொடங்கியது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றும் அதன் அடிப்படை. பெற்றோருக்கு நினைவிருப்பது பயிற்றிகளும் படங்களும்தான். ஆனால் உண்மையான மாற்றம் பெஞ்சில் நடந்தது. அதுவரைக்கும் நீளப் பெஞ்சு, ஒன்றில் ஐந்து பேர். ஓரத்தில் இருப்பவன் எழுந்தால் மறு ஓரத்தில் இருப்பவன் கீழே விழுவான்! எல்லோர் முகமும் கரும்பலகையைப் பார்த்திருக்கும், ஒருவன் இன்னொருவனுடைய பிடரியைத்தான் பார்க்க முடியும். புதிய திட்டத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, குழுவாக முகம் பார்த்து உட்கார வைத்தார்கள். பின்தங்கியவர்களுக்குக் குறைநீக்கல் போதனை, முந்தியவர்களுக்கு வளப்படுத்தும் நடவடிக்கை என்று வந்தது. மூத்த ஆசிரியர்கள் சிலர், 'இது வகுப்பா, சந்தையா?' என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும் இருக்கும் அறையில் ஐந்து குழுவை மேய்ப்பது லேசான காரியமா? ஆனால் தெரியாத பிள்ளை 'தெரியல' என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்ல வழி பிறந்தது. யோசித்துப் பார்த்தால், எழும்பூரில் பெல் கண்ட பாடமும் இதுதான். நம்முடைய ஓராசிரியர் பள்ளிகளிலும், ஆறாம் வகுப்பு அக்கா முதலாம் வகுப்புத் தம்பிக்குக் கைப்பிடித்து எழுதக் கற்றுக் கொடுத்தபோது நடந்ததும் இதுதான். அதைச் சமாளிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆறாம் ஆண்டு முடிந்தால் இன்னொரு பயம் காத்திருந்தது. தமிழில் படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் வேறு மொழியில் படிக்க வேண்டும். அதற்கு நடுவில் ஓராண்டு புகுமுக வகுப்பு. மொழியைக் கற்றுத் தேறுவதற்காகப் போடப்பட்ட பாலம் அது. நல்ல ஆசிரியர் அமைந்த இடத்தில் பாலமாகவே இருந்தது. மற்ற இடங்களில் அது பள்ளியின் கடைசி மூலையில் உள்ள வகுப்பு, பெயரைச் சொன்னாலே மற்ற மாணவர் சிரிக்கும் வகுப்பு. 1965 முதல் நுழைவுத் தேர்வு இல்லாமலேயே மூன்றாம் படிவம் வரை எல்லோரும் போகலாம் என்றாகியும், பதின்மூன்று வயதில் அந்த வகுப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வில் தேசிய மொழியில் தேறியவர்கள் நேரே முதல் படிவம் போக முடிந்தது. அதனால் தமிழ்ப்பள்ளிகளில் அந்தப் பாடத்துக்கு மிகுந்த முயற்சி எடுத்தார்கள். முயற்சி நல்லதுதான். ஆனால் ஆறாம் ஆண்டு வகுப்பறை முழுவதும் தேர்வுக் கொட்டகையாக மாறி, எண்ணிக்கையில் 'ஏ' வாங்காத பிள்ளை பரிசளிப்பு நாளன்று தூணுக்குப் பின்னால் நின்றதையும் பார்த்திருக்கிறோம். 2021இல் அத்தேர்வு எடுக்கப்பட்டது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் போனதில் பள்ளிகளும் குறைந்தன. 888 ஆக இருந்தவை இன்று ஐந்நூற்று இருபதுக்குச் சற்று மேல். இவற்றில் பல, நூற்றைம்பது பேருக்கும் குறைவாக உள்ள குறைந்த மாணவர் பள்ளிகள். தோட்டம் போய், லயம் போய், கோயிலும் பள்ளியும் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கும் இடங்கள் உண்டு. புதுக் கட்டடம் வரும் வரை கொள்கலன் அறைகளில் பிள்ளைகள் படித்த இடங்களும் உண்டு. சிறிய பள்ளி என்றால் இரக்கத்தோடு பேசுவது நம் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையின் கண் சிவந்திருந்தால் காலை ஏழரைக்கே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். யார் யாரைக் கிள்ளுகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எவன் பையில் பென்சில் காணாமல் போகிறது என்பதெல்லாம் மறைக்க முடியாது. பட்டணத்துப் பெரிய பள்ளிகளில் நாற்பது பேருக்கு நடுவே கேலிக்கு ஆளாகும் பிள்ளை, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் வாடலாம்.

மலேசியா 1995இல் குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2001இல் குழந்தைகள் சட்டம் வந்தது. இன்றைய பெற்றோர் முன்போல 'தோல உரிச்சிருங்க' என்று சொல்வதில்லை. சிலர் பிள்ளையை முறைத்துப் பார்த்ததற்கே ஆசிரியர் மேல் புகார் எழுதுகிறார்கள் என்று இளைய ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு ஊஞ்சல் போனால் நடுவில் நிற்கக் கொஞ்ச நாள் பிடிக்கும்தானே.

பழைய பள்ளிகளின் வருகைப் பதிவேடுகள் கிடைத்தால் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று இந்த மலரின் வாயிலாகப் பள்ளி வாரியத்தாரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன். கரையான் அரித்த அந்தத் தாள்களில் பெயர் அடிக்கப்பட்ட இடத்தில் காரணம் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருக்கும். 'தோட்டம் மாறிவிட்டனர்', 'வேலைக்குச் சென்றுவிட்டான்', 'தாயார் இறந்தார்', 'வீட்டில் குழந்தை பார்க்க' என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி இருக்கும். சிலவற்றில் காரணக் கட்டம் வெறுமையாக இருக்கும். நான் பார்த்த ஒரு பதிவேட்டில், அப்படி வெறுமையாக விடப்பட்ட ஒரு கட்டத்தில், யாரோ ஓர் ஆசிரியர் பென்சிலால் 'வீட்டிற்குச் சென்று அழைத்து வந்தேன்' என்று எழுதி, அடித்த பெயரை மறுபடியும் கீழே எழுதியிருந்தார்.